பாதச் சினம்

திருடினது அவர்தான் அண்ணாச்சி. இந்த யுனிவர்சிட்டி பெஞ்சில் உட்கார்ந்தும் சொல்வேன், அந்தக் கதவைத் திறந்து உள்ளே கூப்பிட்டாலும் சொல்வேன். பேர் மட்டும் சொல்ல மாட்டேன். சொன்னால் மறுநாளே வக்கீல் நோட்டீஸ் அனுப்புகிற ஆள். பக்கத்து ஊர் காலேஜில் பேராசிரியர், மூன்று மாதத்துக்கு ஒருமுறை வருகிற ஆய்விதழுக்கு ஆசிரியர், எந்தக் கருத்தரங்கிலும் முதல் வரிசை, கழுத்தில் சால்வை. எனக்கு வாயில் வேறு வார்த்தைதான் வருகிறது. பெரியவர் நீங்கள் பக்கத்தில் இருக்கிறீர்கள், அதனால் திருடர் என்று மரியாதையாகச் சொல்கிறேன்.

நீங்கள் எதற்கு வந்தீர்கள்? மகன் சான்றிதழில் இனிஷியல் தப்பா. 'வ' வர வேண்டிய இடத்தில் 'ல' விழுந்துவிட்டதா. மூன்றாவது தடவை வருகிறீர்களா. ஒரு எழுத்துக்கு மூன்று தடவை. என் மகளுக்குப் போனது பதினாறு பக்கம். நாங்கள் என்றைக்கு வீடு போய்ச் சேர.

உள்ளே மூன்று பேர் உட்கார்ந்து விசாரிக்கிறார்களே, அவர்களுக்கு எதிரே இருக்கிறவள்தான் என் மகள். இ. ஆவுடைச்செல்வி. அந்த 'இ' நான்தான், இசக்கியம்மாள். அவள் அப்பா இவளுக்கு இரண்டு வயதில் கேரளாவுக்கு வேலைக்குப் போகிறேன் என்று கிளம்பினவர். இன்னும் போய்ச் சேரவில்லை போல, தகவல் இல்லை. பள்ளிக்கூடத்தில் சேர்க்கும்போது ஹெட்மாஸ்டர் அப்பா எழுத்துதான் போடணும் என்றார். அவர் மேசைக்கு முன்னால் அரை மணி நேரம் நின்றேன். 'இ' போட்ட பிறகுதான் நகர்ந்தேன். பேசி வாங்குவதில் என்னை யாரும் அசைக்க முடியாது. நிற்பதிலும்தான். பதினோரு வருஷம் ஜவுளிக்கடையில் நின்றவள். ரவிக்கைத் துணிப் பிரிவு. காலை ஒன்பதரைக்கு ஏறினால் ராத்திரி ஒன்பது வரை உட்காரக் கூடாது. ஸ்டூல் கிடையாது. தண்ணீர் குடிக்க மாட்டோம், குடித்தால் கக்கூஸ் போகணும், போனால் சூப்பர்வைசர் நேரம் எழுதுவான். அவனிடம் ஒருநாள் மல்லுக்கு நின்று வெளியே வந்தேன். சாயந்திரம் டைப்ரைட்டிங் படித்து, கோர்ட் வாசலில் மனு அடித்து, அப்புறம் கம்ப்யூட்டர். இப்போது காலேஜுக்கு எதிரே கடை. செல்வி கம்ப்யூட்டர்ஸ். போர்டில் அவள் பேர்தான்.

என்ன கடை என்றால், ஆராய்ச்சிப் பிள்ளைகளுக்கு வேண்டியதெல்லாம். ஆய்வேடு அடிப்பது, பைண்டிங், கட்டுரையை இதழுக்குத் தோதாகச் செய்து கொடுப்பது. உங்களுக்கு இந்த உலகம் தெரியாது, சொல்கிறேன். டாக்டர் பட்டம் வேண்டுமானால் முதலில் இரண்டு கட்டுரை ஆய்விதழில் வந்திருக்கணும். அப்புறம் ஆய்வேட்டைக் கம்ப்யூட்டரில் போட்டுப் பார்ப்பார்கள், ஏற்கெனவே அச்சில் இருப்பதோடு நூற்றுக்கு எவ்வளவு ஒத்துப்போகிறது என்று. பத்துக்கு மேல் போனால் திருப்பி அனுப்பிவிடுவார்கள். முப்பத்தெட்டு, நாற்பத்தாறு என்று காகிதத்தைப் பிடித்துக்கொண்டு கண்ணைக் கசக்கிக்கொண்டு வருவார்கள் என் கடைக்கு. எட்டுக்குள் வேண்டும் என்பார்கள். பதினொன்றுதான் முடியும் என்பேன். கடைசியில் ஒன்பதரையில் முடியும். ரவிக்கைத் துணி மாதிரிதான், எல்லாம் பேச்சில் இருக்கிறது.

நான் செய்வது ஒன்றே ஒன்று. வார்த்தையை மாற்றுவேன். வீடு என்றால் இல்லம். பெண்கள் என்றால் மகளிர். மனசு என்றால் உள்ளம். ஒரு நோட்டில் எழுத ஆரம்பித்தது, எழுநூறு ஜோடிக்கு மேல் சேர்ந்துவிட்டது. கம்ப்யூட்டரில் ஏற்றி வைத்திருக்கிறேன், ஒரு தட்டு தட்டினால் முழுக்க மாறிவிடும். அப்புறம் சந்திப் பிழை இருக்கிறதா என்று நான் கண்ணால் பார்ப்பேன். படித்தது எட்டாம் வகுப்புதான். ஆனால் ஒற்று விட்டுப்போன தாள் ஒன்றுகூட என் கடையை விட்டு வெளியே போனதில்லை. என்னிடம் டைப் அடிக்கிற ரெஜினா எம்.ஏ., எங்கே 'ச்' வரும் எங்கே வராது என்று அவளுக்கே நான்தான் சொல்ல வேண்டும். படித்துப் பார்ப்பேனா என்றால், மாட்டேன். படித்தால் வேலை ஓடாது. நான் எழுத்தைப் பார்ப்பேன். பொருளைப் பார்ப்பதற்கு அவர்களுக்கு கைடு இருக்கிறார்.

ஒரே ஒரு தடவை மானம் போனது. பரதநாட்டியத்தைப் பற்றி எழுதின பெண் ஒருத்திக்காகக் 'கால்' என்றால் 'பாதம்' என்று நோட்டில் ஏற்றியிருந்தேன். அடுத்த வாரம் ஆடு மாட்டைப் பற்றி எழுதினவன் வந்தான். 'கால்நடை வளர்ப்பு' எல்லாம் 'பாதநடை வளர்ப்பு' ஆகிவிட்டது. வாய்மொழித் தேர்வில் எல்லோரும் சிரித்தார்களாம். வீட்டில் வந்து சொன்னேன், செல்வி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். எங்கள் கடையை நினைத்து அவள் சிரித்தது அந்த ஒரு தடவைதான். அந்த ஜோடியை நோட்டிலிருந்து எடுத்துவிட வேண்டும் என்று நினைத்தேன். வேலை மும்முரத்தில் விட்டுப்போச்சு.

அவள் கடைப்பக்கம் வர மாட்டாள். ஆராய்ச்சியில் சேர்ந்த புதிதில் ஒருநாள் வந்து பின்னால் நின்று பார்த்துக்கொண்டே இருந்தாள். "எம்மா, இது தப்பும்மா" என்றாள். "இந்தத் தப்புலதான் உன் ஹாஸ்டல் சோறு" என்று சொன்னேன். கோபத்தில் வந்துவிட்டது. அதற்கப்புறம் அவள் வரவில்லை, நானும் கூப்பிடவில்லை. அவளுடைய தாள் ஒன்றுகூட என் கடையில் அடித்ததில்லை. எல்லாம் அவளே அவள் கம்ப்யூட்டரில் அடித்துக்கொண்டாள்.

அவள் எடுத்துக்கொண்ட விஷயம் என்ன தெரியுமா? ஜவுளிக்கடையில் நிற்கிற பெண்கள். பதினான்கு மாதம் அலைந்தாள். நூற்றுப் பன்னிரண்டு பேர். கடைக்குள் பேச விட மாட்டார்கள், பஸ் ஸ்டாப்பில் அவர்கள் கூடவே நின்று, கூடவே பஸ் ஏறி, வீடு வரைக்கும் போய்ப் பேசுவாள். போனில் பதிவு செய்யவில்லை. கடைக்காரனுக்குத் தெரிந்தால் வேலை போகும் என்று பயந்தார்கள். அதனால் எல்லாம் கையால் எழுதினது. யார் பேரையும் வெளியே சொல்ல மாட்டேன் என்று ஒவ்வொருத்திக்கும் சத்தியம் செய்து கொடுத்திருக்கிறாள். இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள் அண்ணாச்சி, பின்னால் வரும்.

எழுதி முடித்துப் போன தை மாதம் அந்த ஆள் ஆசிரியராக இருக்கிற ஆய்விதழுக்குத் தபாலில் அனுப்பினாள். அவர்கள் மெயிலில் வாங்க மாட்டார்கள், தாளில் இரண்டு பிரதி வேண்டும். வந்து சேர்ந்தது என்று ஒரு கார்டுகூடப் போட மாட்டார்கள். பங்குனி போச்சு, வைகாசி போச்சு. ஆவணியில் ஒரு கடுதாசி வந்தது. தரம் போதவில்லை, வெளியிட இயலாது. அவ்வளவுதான். அவள் அன்றைக்குச் சாப்பிடவில்லை. இதழ் என்றால் அப்படித்தான், வேறு கட்டுரையை வேறு இதழுக்கு அனுப்பு என்றேன். அனுப்பினாள், அது அச்சில் வந்தது. ஆய்வேட்டையும் கொடுத்துவிட்டாள்.

கார்த்திகையில் யுனிவர்சிட்டியிலிருந்து ஓலை. ஆய்வேட்டைத் திருத்தின வெளியூர்ப் பேராசிரியர் எழுதியிருக்கிறாராம், இந்தப் பெண்ணின் மூன்றாம் இயல், ஆடி மாதமே வேறொரு இதழில் வந்துவிட்ட ஒரு கட்டுரையிலிருந்து எடுத்தது, அட்டவணை அட்டவணையாக அப்படியே இருக்கிறது, விசாரிக்கவும் என்று. எடுத்தது என்று எழுதியிருக்கிறார் அண்ணாச்சி, என் மகளை.

அந்த இதழைத் தேடிப் பிடித்து வாங்கி வந்தாள். நான் காய் நறுக்கிக்கொண்டிருந்தேன். சமையல்கட்டு வாசலில் நின்று வாசித்தாள். எழுதியவர் என்று அந்த ஆளின் பேர். அதே நூற்றுப் பன்னிரண்டு பேர், அதே எண்கள். அப்புறம் ஒரு வரியில் நின்றுவிட்டாள்.

"மகளிருக்குப் பாதச் சினம் மிகுதியாக உள்ளது. இது என்ன தமிழ்மா? பாதச் சினம்னா என்னது?"

எனக்குக் கத்தி நின்றுவிட்டது. எனக்குத் தெரியும் அது என்னது என்று. ஃபேஸ்புக்கில் சண்டை போடுகிறவர்களைப் பற்றி ஒரு பையன் ஆராய்ச்சி செய்தான், பக்கத்துக்குப் பக்கம் கடுப்பு, கடுப்பு. அவனுக்காகக் 'கடுப்பு' என்றால் 'சினம்' என்று ஏற்றியிருந்தேன். அவள் எழுதினது கால் கடுப்பு. கால் போய்ப் பாதம், கடுப்பு போய்ச் சினம். நடுவில் அந்த 'ச்' இருக்கிறதே, அது நான் கையால் போட்டது. பாதம் சினம் என்று இருந்ததைப் பாதச் சினம் என்று திருத்தினவள் நான்.

அவள் மேலே வாசிக்கிறாள். நீர்க்கடுப்பு வந்தவர்கள் நாற்பத்தொரு பேர் என்று எழுதியிருந்தாளாம். நீர்ச்சினம் என்று இருக்கிறது. கால் மணி நேர இடைவேளை, பாத மணி நேர இடைவேளை ஆகியிருக்கிறது. பாத மணி நேரத்தில் அவள் நிறுத்தினாள். இதழை மூடினாள். என் பக்கம் திரும்பினாள்.

"பாதநடை" என்றாள்.

நறுக்கின காயையே மறுபடி நறுக்கினேன்.

"எம்மா. நம்ம கடைலதானே மாத்துனது?"

உண்மையைச் சொல்வதென்றால், நான் இல்லை என்று சொல்லியிருக்கலாம். ஊரில் இந்த வேலை செய்கிற கடை இன்னும் நாலு இருக்கிறது. ஆனால் அவள் கேட்ட தோரணை அப்படி. போனை எடுத்துக் கொடுத்தேன். அந்த ஆள் பத்து வருஷமாக என் வாடிக்கை அண்ணாச்சி. போன சித்திரையில் பதினைந்து பக்கத்தைப் போட்டோ பிடித்து வாட்ஸ்அப்பில் அனுப்பியிருந்தார். இரண்டாம் பக்கத்திலிருந்து பதினாறாம் பக்கம் வரை. முதல் பக்கம் இல்லை. முதல் பக்கத்தில்தானே எழுதினவர் பேர் இருக்கும். ஏன் இல்லை என்று நான் கேட்கவில்லை. நிறையப் பேர் முதல் பக்கம் அனுப்புவதில்லை, நாங்கள் கேட்பதும் இல்லை. ரெஜினா அடித்தாள், நான் ஒற்றுப் பார்த்தேன், அனுப்பிவிட்டோம். நான்காம் பக்கத்து ஓரத்தில் பென்சிலில் ஒரு வரி எழுதியிருக்கிறது. செல்வியின் கையெழுத்து. 'ழ' போட்டால் அடியில் ஒரு சுழி சுழிப்பாள், சின்ன வயசிலிருந்து. அதுகூட என் போனில் எட்டு மாதம் கிடந்திருக்கிறது. நான் பார்க்கவில்லை.

அதைப் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டே இருந்தாள். அப்புறம் இதழைப் பிரித்து ஒரு பக்கத்தை என் முன்னால் வைத்து வாசி என்றாள். வாசித்தேன். தகவலாளர் ஒன்று, வயது ஐம்பத்தொன்று, பதினோரு ஆண்டு அனுபவம். 'நின்று நின்று பாதச் சினம் உள்ளத்துக்கு ஏறிவிடும்.' அவ்வளவுதான் அவள் சொன்னது என்று போட்டிருக்கிறது.

"இது யாருன்னு தெரியுதா?" என்றாள்.

தெரியவில்லை என்றேன். சத்தியமாகத் தெரியவில்லை. அவள்தான் சொன்னாள். ஒருநாள் இதே மாதிரி காய் நறுக்கும்போது கடையில் நின்ற கதையைக் கேட்டு எழுதிக்கொண்டாளாம். கால் கடுப்பு மனசுக்கு ஏறிரும்ட்டி, அதான் எனக்கு இவ்வளவு கோவம் வருதுன்னு நான் சொன்னேனாம். தகவலாளர் ஒன்று நான்தானாம். என் பேச்சை நானே மாற்றி, நானே ஒற்றுப் போட்டு, அந்த ஆளிடம் கொடுத்திருக்கிறேன்.

இதில் என் தப்பு என்ன இருக்கிறது, சொல்லுங்கள். நான் அதைத்தான் கேட்டேன். உன்னுடையது என்று தெரிந்தால் தொட்டிருப்பேனா, அந்த ஆள் கையை ஒடித்திருப்பேனே என்றேன். அவள் சத்தம் போடவில்லை. சத்தம் போட்டால் எனக்குச் சமாளிக்கத் தெரியும். மெதுவாகச் சொன்னாள்.

"என்னோடதுன்னு தெரியாதும்மா. யாரோ ஒருத்தியோடதுன்னு தெரியும்ல."

இது என்ன பேச்சு? யாரோ ஒருத்தி என்றால் உலகத்தில் எல்லாரும்தான் யாரோ ஒருத்தி. அதைப் பார்த்துக்கொண்டிருந்தால் கடை நடத்த முடியுமா? நான் திருடவில்லை. யார் பேரையும் எடுத்து யார் பேரையும் போடவில்லை. வார்த்தையை மாற்றினேன், அவ்வளவுதான். துணியை வெட்டிக் கொடுக்கிறவளிடம் போய், வாங்கினவன் அதை எதற்குத் தைத்தான் என்று கேட்பார்களா? கேட்க மாட்டார்கள். இவள் கேட்கிறாள்.

சரி, ஆனது ஆச்சு, பேசி முடிப்போம் என்று மறுநாள் காலையில் முதல் பஸ்ஸில் அந்த ஆள் ஊருக்குப் போனேன். செல்வியிடம் சொல்லவில்லை. மாடி வீடு. அவர் சம்சாரம் உட்காரச் சொல்லிக் காப்பி கொடுத்தாள். வந்தார். ஆ, நீங்களா, வாங்கம்மா என்றார். முகத்தில் ஒரு சின்ன அதிர்ச்சி இல்லை. என்ன சொன்னார் தெரியுமா?

"பாதச் சினம்னு போட்டுட்டீங்களேம்மா. நாலு பேரு போன் போட்டுக் கேட்டுட்டாங்க. பத்து வருசமா உங்ககிட்ட கொடுக்கேன், இப்படிப் பண்ணலாமா?"

நானும், மன்னிச்சிருங்க சார், நோட்டுல எடுக்க விட்டுப்போச்சு என்றேன். வாய்ப் பழக்கம் அண்ணாச்சி. வாடிக்கையாளர் குறை சொன்னால் மன்னிப்புக் கேட்டுப் பழகிவிட்டது. பாதி சொன்ன பிறகுதான் நான் எதற்கு வந்தேன் என்பதே ஞாபகத்துக்கு வந்தது. அப்புறம் பிடித்தேன் பாருங்கள். அது என் மகள் எழுதினது, போனில் உங்கள் நம்பரிலிருந்து வந்த பதினைந்து பக்கமும் இருக்கிறது, தேதியோடு இருக்கிறது, அவள் கையெழுத்தோடு இருக்கிறது என்றேன். அப்போதும் அவர் காப்பியைக் கீழே வைக்கவில்லை. உங்க பொண்ணுன்னு தெரியாதேம்மா என்றார். தெரிஞ்சிருந்தா செஞ்சிருப்பேனா என்றார்.

அப்புறம் பேரம். அடிக்குறிப்பில் நன்றி என்று பேரைப் போடுகிறேன் என்றார். எழுந்து நின்றேன். சரி, மூன்றாவது பேராகப் போடுகிறேன், கட்டுரையைத் தான்தான் செம்மை செய்தது என்றார். நீங்கள் செய்த செம்மை என் கடையில் செய்த செம்மை என்றேன். இரண்டாவது பேர் என்றார். ஒரு மணி நேரம் ஆச்சு. கால் வலித்தது, உட்காரவில்லை. கடைசியில் இறங்கினார். முதல் பேர் இ. ஆவுடைச்செல்வி, இரண்டாவது அவர். தவறுதலாக விடுபட்ட பெயர் என்று கட்டுரை வந்த இதழிலேயே அடுத்த தடவை ஒரு திருத்தம் போட வைத்துவிடுவார். அதைக் காட்டினால் இங்கே விசாரணையும் முடிந்துபோகும். அடிக்குறிப்பில் கிடந்ததை முதல் பேருக்குக் கொண்டுவந்திருக்கிறேன் அண்ணாச்சி. அந்த 'இ' முதல் எழுத்தாக அச்சில் வரும். எவள் செய்வாள் இதை?

வாசல் வரை வந்து வழியனுப்பினார். சிரித்துக்கொண்டே சொன்னார், "இனிமே வேணும்னா முதல் பக்கத்தையும் சேத்தே அனுப்புதேன். நீங்களே பாத்துக்கிடுங்க."

அவருக்குக் கிண்டல். பஸ்ஸில் வரும்போதெல்லாம் அதுவே காதில் ஓடியது. ஏன் என்று தெரியவில்லை.

வீட்டுக்கு வந்து சொன்னேன். செல்வி கேட்டுக்கொண்டே இருந்தாள். கேட்டுவிட்டு, "நான் எழுதுனதுக்கு நான் முதல் ஆளு. ரெண்டாவது ஆளு யாரும்மா?" என்றாள்.

அவர்தான், விட்டுக்கொடுத்துத்தான் போகணும் என்றேன். முடியாது என்றாள். அவர் அந்தக் கட்டுரையை வாபஸ் வாங்க வேண்டும், இது என்னுடையது இல்லை என்று அது வந்த இதழிலேயே அவர் எழுத வேண்டும். இல்லாவிட்டால் எனக்குப் பட்டம் வேண்டாம் என்றாள். அப்புறம் ஒன்று சொன்னாள். ஸ்டூல் போடச் சொல்லி ஜவுளிக்கடைப் பெண்களின் சங்கத்தார் லேபர் ஆபீஸில் மனு கொடுத்தார்களாம், கூடவே அச்சில் வந்ததென்று அந்த ஆளின் கட்டுரையையும் வைத்தார்களாம். அதிகாரி பாதச் சினத்தைப் படித்துவிட்டு, கோபக்காரக் காலுக்கெல்லாம் ஸ்டூல் போட முடியாது என்று சிரித்தாராம். நூற்றுப் பன்னிரண்டு பேர் வலியை நீ சிரிப்பாக்கிட்டேம்மா என்றாள். அவர் என்று சொல்லவில்லை. நீ என்றாள்.

இருபது நாளாகப் பேச்சு இல்லை. சோறு வைத்தால் சாப்பிடுகிறாள். கேட்டால் ம் என்கிறாள். எனக்குச் சண்டை போட்டுப் பழக்கம், இந்த ம் பழக்கமில்லை. அலுத்துவிட்டது அண்ணாச்சி.

போன வாரம் விசாரணையில் அவளிடம் ஆதாரம் கேட்டார்கள். தாள் தபாலில் போனது, ரசீது இல்லை. ஆவணியில் வந்த கடுதாசியில் கட்டுரையின் தலைப்பே இல்லை, கம்ப்யூட்டர் தேதியை யாரும் மாற்றலாம் என்றார்கள். அந்தப் பெண்களின் பேரையும் விலாசத்தையும் கொடு, நாங்கள் கேட்டுக்கொள்கிறோம் என்றார்கள். அவள் நோட்டைக் கொடுக்கவில்லை. கொடுத்தால் ஒரே நாளில் முடிகிற விஷயம். சத்தியம் செய்திருக்கிறேன் என்று உட்கார்ந்துவிட்டாள். மிச்சம் இருப்பது என் போன் ஒன்றுதான். கடைக்காரம்மா நேரில் வந்து எழுதிக் கொடுத்தால் எடுத்துக்கொள்வோம் என்று சொல்லியிருக்கிறார்கள். வருவாங்களா என்று கேட்டதற்கு, தெரியாது, அவங்க இஷ்டம் என்றாளாம். பெற்ற தாயை.

நேற்றுச் சாப்பாட்டு மேசையில் இந்தத் தாளை வைத்துவிட்டுப் போனாள். இந்தாருங்கள், பாருங்கள். மூன்று வரி. இன்ன தேதியில் இந்தப் பக்கங்கள் இன்ன எண்ணிலிருந்து என் கடைக்கு வந்தன. வார்த்தைகளை மாற்றிக் கொடுத்தது நான். அது வேறொருவர் எழுதியது என்று எனக்குத் தெரியும்.

மூன்றாவது வரி எதற்கு? முதல் இரண்டு போதாதா? அந்த ஒரு வரியைக் கொடுத்தால் என் கடையை மூடிவிடுவார்கள். கடை போனால் போகட்டும், நான் முந்நூறு பேருக்கு மாற்றிக் கொடுத்திருக்கிறேன், அதில் பாதிப் பேர் இன்றைக்கு வாத்தியார்கள். ஒவ்வொருத்தனாக இந்த பெஞ்சில் வந்து உட்கார வேண்டியிருக்கும். அதனால் காலையில் கடையைத் திறந்து நானே இன்னொன்று அடித்தேன். இது. 'மேற்படி பக்கங்கள் எமது நிறுவனத்துக்கு வரப்பெற்றன. சொற்கள் மாற்றம் பெற்றன.' எவ்வளவு மரியாதையாக இருக்கிறது பாருங்கள். யார் மாற்றினார்கள் என்ற பேச்சே இல்லை. மூன்றாவது வரி கிடையாது. சந்திப் பிழையும் கிடையாது.

இரண்டும் பையில் இருக்கிறது. அதுதான் இந்த பெஞ்சில் ஒரு மணி நேரமாக உட்கார்ந்திருக்கிறேன். உட்கார்ந்து உட்கார்ந்தும் கால் கடுக்கும் என்று இன்றைக்குத்தான் தெரிகிறது.

பியூன் என்னைத்தான் கூப்பிடுகிறார். ஆமா தம்பி, இசக்கியம்மாள் நான்தான். ஒரு நிமிசம், வாரேன்.

கதவு இடுக்கில் தெரிகிறாளே, பச்சைப் புடவை, அவள்தான் செல்வி. அவளைப் பாருங்கள். மூன்று பேருக்கு முன்னால் நின்றுகொண்டு பதில் சொல்கிறாள். பக்கத்தில் நாற்காலி காலியாகக் கிடக்கிறது, உட்காரச் சொல்ல ஒருத்தருக்கும் வாய் வரவில்லை. அவளும் கேட்க மாட்டாள். என் பிள்ளை.

உங்கள் பேனாவைக் கொடுங்கள் அண்ணாச்சி. எழுதுமா? எழுதுகிறது. இல்லை, இது இல்லை. அவள் எழுதினதில்தான் போடுகிறேன். இன்னொரு தடவை படித்தால் கை ஓடாது, படிக்காமலே போட்டுவிடுகிறேன். படிக்காமல் செய்து பழகின கைதானே. இ, ச, க்... ஆச்சு. இந்த இன்னொரு தாள் நீங்கள் வைத்துக்கொள்ளுங்கள். பின்பக்கம் சுத்தமாக இருக்கிறது. உங்கள் மகன் இனிஷியலுக்கு இன்னொரு மனு கேட்பார்கள், எழுத ஆகும்.

போய்விட்டு வருகிறேன். ஆனால் ஒன்று. திருடினது அவர்தான், அதில் நான் ஒரு வார்த்தை மாற்ற மாட்டேன். என் வரியை நான் போட்டாச்சு. அவர் வரியை அவர் போடட்டும். திருத்தமும் வேண்டாம், விடுபட்ட பெயரும் வேண்டாம். இந்தக் கட்டுரை என்னுடையது இல்லை, எழுதினவள் இ. ஆவுடைச்செல்வி என்று அவர் கையால் எழுதட்டும். சினம் என்று போட வேண்டாம், கடுப்பு என்றே போடட்டும். முதல் பக்கத்தை எடுத்து ஒளித்தவர் அவர். அந்தப் பக்கத்தை அவரே கொண்டுவந்து இருந்த இடத்தில் வைக்கட்டும்.